முகம் தெரிந்த படம்

என் அக்கா ஊரில் தெருவோரக் கொட்டகை ஒன்றில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். போர் முடிந்த நாட்களில் அத்தானைத் தன் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்தவர் அவர். ஆள் எங்கே என்று கேட்டுத்தான் அங்கே இருக்கிறார். கூடவே பிள்ளைகளையும் கணவன்மாரையும் தேடும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். கல்லெறிவதில்லை, வீதியை மறிப்பதில்லை. போன வருடம் யாரோ ஒரு பெரிய மனிதர் அந்தப் பக்கம் வரவிருந்தார். பொலிஸ் தடை உத்தரவோடு வந்து, எழும்ப மாட்டோம் என்றவர்களை இழுத்து ஏற்றியது. அக்காவும் ஜீப்பில் போனார்.

அவர்களை இழுத்து ஏற்றும் வீடியோவை நான் பார்த்தது இங்கே லண்டனில், வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில், தட்டுக் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைமைச் சமையற்காரி என்ன விஷயம் என்று கேட்டாள். குடும்பப் பிரச்சினை என்று சொல்லி வைத்தேன். ரோட்டோரம் சும்மா இருந்ததற்கு அக்காவைப் பிடித்துவிட்டார்கள் என்றால், சும்மா இருப்பது என்ன குற்றம் என்று அவள் கேட்பாள்.

அந்தச் சனிக்கிழமை இதற்காக வெஸ்ட்மின்ஸ்டரில் எங்கள் ஆட்களின் ஆர்ப்பாட்டம். வழக்கமாக யாரோ நீட்டும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இம்முறை அக்காவின் முகம்தான் வேண்டும் என்று வீம்பு வந்துவிட்டது. போனில் தேடினால் எல்லாம் மங்கல். ஒன்றே ஒன்று பாஸ்போர்ட் படம்போல் தெளிவு. அதில் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா. மற்றப் படங்களில் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்திருப்பார்; இதில் தலைப்பு நழுவியிருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று வெம்ப்ளியில் ஒரு கடையில் பிரின்ட் போட்டு அட்டையில் ஒட்டினேன்.

சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனேன். ஒரு பொலிஸ்காரர் வந்தார். தயவுசெய்து கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கள், பஸ் வருகிறது என்றார். நின்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் விளங்கவில்லை. பலர் என் அட்டையைப் படம் எடுத்தார்கள். கிங்ஸ்பரியில் வீட்டுக்குத் திரும்பி வருமுன் அது போன் போனாகக் கனடாவரை போய்விட்டது. பொய் சொல்லக்கூடாது, பெருமையாகவும் இருந்தது.

அக்கா திங்கட்கிழமை பிணையில் வந்தார். அதற்கு அடுத்த வாரம்தான் போன் எடுத்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவரோ குரலை உயர்த்தாமல் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாவின் இளைய மகளுக்கு இப்போதுதான் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. சிவில் உடையில் இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போய், என் அட்டையின் படத்தைப் போனில் காட்டி, அம்மாவுக்கு லண்டனில் யாரைத் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். இனிப் போகவேண்டாம் என்று மகள் அழுது அம்மாவின் காலில் விழாத குறை. அம்மா அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் வரவில்லை.

“அவ ஏன் முகத்தை மூடிக்கொண்டிருந்தவ எண்டு நீ ஒருக்காலும் யோசிக்கேல்லையோ?” என்றார் அக்கா.

வெயிலுக்கென்று நினைத்தேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று உறைத்தது. ஊரில் இருந்த காலத்தில் கமராவைக் கண்டால் நானே அப்படித்தான் குனிவேன். எப்போது மறந்தேன்?

அதற்குப் பிறகு ஒன்றும் ஓடவில்லை. ஆர்ப்பாட்டக்காரர்கள் நல்ல படம், அடுத்த சனிக்கிழமையும் கொண்டு வாருங்கள் என்றார்கள். என் கணவர் தூக்கி எறி என்றார். அட்டையைப் பிடிக்காவிட்டால் அக்காவை இழுத்துப் போனது யாருக்குத் தெரியும்? பிடித்தால் அந்தப் பிள்ளையின் வேலை போய்விட்டால்? அம்மாவின் முகத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கடதாசியை ஒட்டிப் பார்த்தேன். பத்திரிகையில் வரும் குற்றவாளி மாதிரி இருந்தது. உடனே உரித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து அக்காவுக்கு எடுத்தபோது, அந்த அம்மா அக்காவின் வீட்டுக்கு வந்திருந்தார். அக்கா போனை அவரிடம் கொடுத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் விடவில்லை. அவங்கள் இதில்லாவிட்டால் வேறு எதையாவது சொல்லிக்கொண்டு வருவாங்கள், மகளுக்காகத்தான் இப்போதைக்கு வீட்டில் இருக்கிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, ஒண்டு கேக்கோணும். நான் மடியில என்ர மகன்ர படம் வைச்சிருந்தனான். உங்கட பெரிய அட்டையில அது வடிவாத் தெரியுதோ? எனக்குப் போனில விளங்கேல்லை.”

போனைக் காதில் வைத்தபடியே போய் அட்டையைத் திருப்பினேன். இரண்டு முகங்கள். தோளோடு படம் முடிந்திருந்தது. மடி இல்லை. முகம் பெரிதாக வரட்டும், கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள் என்று கடைக்காரரிடம் சொன்னது நான்தான்.

“ஓம் அம்மா,” என்றேன். “நல்லாத் தெரியுது.”

“அப்ப சனிக்கிழமையும் பிடியுங்கோ, பிள்ளை,” என்றார்.