கன்றிடம் சொன்னது

காங்கேயத்துக்கு வெளியே, ஆங்கிலப் பள்ளியின் வேன் நிற்கும் இடத்தில் ஒரு வீடு. பிள்ளைகளின் படிப்பு மொழி பற்றி ஊர் ஊராக விசாரித்துத் திரியும் நான், வாசலில் கன்றுக்குத் தண்ணீர் காட்டும் பெண்ணிடம் கேட்கிறேன்: "மகளோடு வீட்டில் எந்த மொழியில் பேசுவீர்கள்?"

"தமிழ்ல பேசக்கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிப்போட்டாங்க. இங்கிலீசு எனக்கு வராதுங்க. அதனால அவகிட்டப் பேசறதே இல்லீங்க."

வேன் வந்து நிற்கிறது. டை கட்டிய சிறுமி இறங்கி, "குட் ஈவ்னிங் மம்மி" என்கிறாள். அம்மா தலையை மட்டும் ஆட்டுகிறாள். பிறகு கன்றின் கழுத்தைத் தடவியபடி உரக்கக் கேட்கிறாள்: "ஏன் கண்ணு, மொகம் இப்படி வாடிக் கெடக்குது?"

சிறுமி பையை இறக்கி வைக்கிறாள். கன்றின் மறுபக்கம் போய் நின்று, அதன் காதைப் பிடித்துக்கொண்டு அதனிடமே சொல்கிறாள்:

"டீச்சர் அடிச்சுப்போட்டாங்க."