சாக்கு வூட்டுச் செம்புச் செடி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். கற்பூரத்தை ஏற்றி வையுங்கள், உள்ளங்கையால் அடித்து அணைக்கிறேன். இண்டூர் ஏரியில் தூண்டில் போட்டு எருமைக் கன்றை இழுத்தேன் என்று சொன்னவன் நான்தான். அதை நம்பாவிட்டாலும் போகட்டும், இதை நம்புங்கள். ஊர் மண்ணுக்கு ஒத்துவராத செடியை வளர்க்கிற வேலை, அடுத்தவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி. ஒரு ரோஜாத் தொட்டியாவது வைத்து, அது ஏன் வாடுகிறது என்று தெரியாமல் முழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மழைத் தண்ணீர்

கிராணியார் மலாயா ரப்பர் தோட்டத்தில் எழுத்து வேலை பார்த்துவிட்டு, வயசான காலத்தில் இண்டூருக்குத் திரும்பியவர். மனைவி அங்கேயே காலமாகிவிட்டார். ஒரே மகன் சண்முகம் அதே தோட்டத்தில் வேலைக்குத் தங்கிவிட்டான். கிராணியார் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு செடியும். அந்தச் செடியின் இலை நுனியிலிருந்து கயிறு போல ஒன்று இறங்கும். அதன் முனையில், மேலே மூடியோடு ஒரு செம்பு தொங்கும். செம்புக்குள் தண்ணீர், வாயோரம் தேன். தேனுக்கு வரும் ஈ வழுக்கி உள்ளே விழுந்தால் அதோடு சரி, செடிக்குச் சாப்பாடு. ஊரில் செம்புச் செடி என்றோம்.

அதைப் பார்த்துக்கொள்ள நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயசு. நம் வெயில் அதற்கு ஆகாது. பந்தல் போட்டு, நாலு பக்கமும் கோணிச் சாக்கு கட்டி, நாளுக்கு ஐந்து தடவை சாக்கை நனைப்பேன். அந்தப் பந்தலுக்குச் சாக்கு வூடு என்று பேர். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ உப்பு. குடித்துக் குடித்து எல்லாருக்கும் பல் காவியேறியிருக்கும். சாக்குக்கு அது போதும், செடியின் வேருக்கு ஆகாது. ஓட்டிலிருந்து வழிகிற மழைத் தண்ணீரை ஆறு தாழியில் பிடித்து மூடி வைத்து, அதைத்தான் ஊற்ற வேண்டும். மனுசருக்குக் கிணறு. காரிமங்கலத்திலிருந்து வந்த கிராணியாரின் மருமகன் முறைக்காரர் ஒருவர், காப்பி போட ஒரு சொம்பு மழைத் தண்ணீர் கேட்டார். கிடைக்கவில்லை. உப்புக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தவர், "உங்க வூட்டுக்கு மருமவனா வர்றதுக்குச் செடியா வந்திருந்தா மரியாதைங்க, மாமா" என்றார்.

உறையில் வந்த தூள்

இந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி. கிராணியாருடையது பெண். அது மொட்டு தலைகாட்டியதுமே மகனுக்கு எழுதினார். மலாயாக் காட்டில் வேறு ஜாதி ஆண் செடி ஒன்று பூத்திருந்ததாம். சண்முகம் அதன் மகரந்தத்தைத் தட்டி, காகிதத்தில் மடித்து, கப்பல் தபாலில் அனுப்பிவிட்டான். ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், அவ்வளவுதான். கிராணியார் கோழி இறகு நுனியால் அதைத் தொட்டுப் பூவில் வைத்தார். தும்மல் வந்துவிடுமோ என்று நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மயிரிழை போல விதை வந்தது. நூற்றுக்கணக்கில் விதைத்து, நாற்பது முளைத்து, ஒன்றே ஒன்று தங்கியது. தாய்ச் செடி அடுத்த கோடையில் போய்விட்டது. அதன் செம்பு வெறும் பச்சை. பிள்ளையின் செம்பிலோ ரத்தச் சிவப்பில் புள்ளி, வாயைச் சுற்றி வளையல் அடுக்கினது போலக் கோடு. கிராணியார் மோடா போட்டு உட்கார்ந்து, ஒரு செம்பை ஒரு மணி நேரம் பார்ப்பார். உறையைக் கொண்டுவந்த தபால்காரரையும் ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "கல்யாணத்துக்குப் பத்திரிகைதாங்க கொடுத்திருக்கேன். மாப்பிள்ளையவே உறையில கொண்டாந்து கொடுத்தது இதுதான் முதல் தடவை."

கழுவின செம்புகள்

தர்மபுரியிலிருந்து பெரிய மனிதர்கள் செடியைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு நாள் தகவல் வந்தது. கிராணியாரின் தங்கை நல்லம்மாதான் வீட்டைப் பார்த்துக்கொண்டவர். வீடு முழுக்க மெழுகினவர், சாக்கு வூட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தால், செம்பு ஒவ்வொன்றையும் கவிழ்த்து, புளியும் சாம்பலும் போட்டு, பித்தளை மாதிரி தேய்த்து வைத்திருந்தார். பத்து நாளில் எல்லாச் செம்பும் கருகின. செடி புதுச் செம்பு வைக்கிறவரை அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. என்னிடம் மட்டும் அந்த அம்மா நியாயம் கேட்டார். "ஒவ்வொண்ணுலயும் ஈ செத்து மிதக்குது, முனுசாமி. வந்தவங்க தெரியாம எடுத்துக் குடிச்சிட்டா நம்ம மானம் என்னாவும்?"

சந்தையில் விட்ட கதை

செடி ஆட்டுக்குட்டியை விழுங்கியது என்று காரிமங்கலம் சந்தையில் நான் ஒரு வார்த்தை விட்டது உண்மை. கொம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்றும் சொன்னேன். அடுத்த நாள் வத்தல்மலையிலிருந்து சடையன் இறங்கி வந்தார். மலையில் சாமை விதைக்கிறவர், தேன் எடுக்கிறவர். ஆடு எங்கே என்று கேட்கவில்லை. ஒரு எறும்பு செம்பின் வாயோரம் தேனை நக்கி, ஒரு கால் வழுக்கி, இரண்டு கால் வழுக்கி உள்ளே போகிறவரை இமைக்காமல் பார்த்தார். பக்கக் கிளை விடட்டும் என்று அன்றைக்குத்தான் நான் செடியின் தலையை நறுக்கியிருந்தேன். நறுக்கிப் போட்ட அந்தக் கொம்பைக் கேட்டார். கிராணியார் தலையாட்டினார், கொடுத்தேன். மலை ஊற்றோரம் பாசிக்குள் நடப்போவதாகச் சொல்லிவிட்டு, போகும்போது திரும்பினார். "ஆட்டைத் தின்னாக்கூட இவ்ளோ பயமில்ல. தேனைக் காட்டிக் கூப்புடுது பாரு, அதாம்பா பயம்."

ஏழு, ஐந்து, இரண்டு

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. அதற்குள் கிராணியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. காலையில் சாக்கு வூட்டுக்குள் வந்து, செம்பின் வாயில் விரல் வைத்து எண்ணுவார். "அவன் கையால வந்த உசுரு, முனுசாமி. இது இருக்கற வரைக்கும் அவன் இருப்பான்" என்பார். அதன் பிறகு அந்தச் செடிக்கு ஒவ்வொரு சொட்டையும் எண்ணித்தான் ஊற்றினேன்.

இரண்டாம் வருஷக் கோடையில் ஆறாவது தாழியும் வறண்டது. அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வேட்டியை ஏழாக மடித்து வடிகட்டி ஊற்றினேன். கொதித்தால் உப்பு போய்விடும் என்று நினைத்த மடையன் நான். மண்மேல் வெள்ளையாகப் பூத்தது. இலை நுனி கருகியது. அவர் விரல் ஏழு எண்ணியது, பிறகு ஐந்து, பிறகு இரண்டு. ஒன்று ஆன அன்று காய்ச்சலில் படுத்தார். அவர் படுக்கையில் கிடந்தபோதே, வைகாசி மாசத்தில், செடி வேரோடு செத்தது.

நான் வத்தல்மலை ஏறினேன். சடையனின் கொம்பு ஊற்றோரம் தழைத்து, மூன்று செம்போடு நின்றது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் மண்ணோடு பெயர்த்து, ஊற்றுத் தண்ணீர் ஒரு குடமும் சேர்த்துத் தந்தார். பழைய தொட்டியிலேயே நட்டேன். காய்ச்சல் விட்ட கிராணியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து விரலை வைத்தார். நான் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணு மூணாயிருக்கு, முனுசாமி. பையன் எழுந்து உக்காந்துட்டான்."

ஏரியூர்க்காரர்

அந்த ஆனியில் மழை வந்தது, தாழிகள் நிறைந்தன. சண்டை முடிகிறவரை செடி செழித்தது. கிராணியாரும் நன்றாகச் சாப்பிட்டார். சண்முகத்துக்குப் பெண் பார்க்கக்கூட ஆள் அனுப்பினார். பிறகு ஒரு நாள், அதே தோட்டத்தில் வேலை பார்த்த ஏரியூர்க்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். சயாம் காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனானாம். சண்முகமும் போனானாம். வாந்திபேதியில் இரண்டே நாள். எந்த வருஷம், எந்த மாசம் என்று நல்லம்மா கேட்டார். நான் உப்புத் தண்ணீர் ஊற்றிய அதே வருஷம், அதே வைகாசி.

நான் கதை கட்டுகிறவன். இதை மட்டும் கட்டவில்லை.

கிராணியார் அழவில்லை. சாக்கு வூட்டுக்குள் போய், செம்பு ஒவ்வொன்றாகத் தடவினார். பதினொன்று இருந்தது. அந்த வைகாசியில் செடி அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் செத்தது. அதன் வாயைப் பொத்திவிட்டு, மலையிலிருந்து வேறு வேரைக் கொண்டுவந்து நட்டவன் நான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அவருக்கு அந்த மூன்று வருஷமும் சேர்ந்து செத்துவிடும் என்று மூடிக்கொண்டேன். என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டார். "இத்தனை செம்பு வச்சுதே, முனுசாமி. எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லுச்சு?"

சந்தை சந்தையாக வாய் வலிக்கப் பொய் சொன்ன எனக்கு, வாயே திறக்காமல் சொன்ன இந்த ஒரு பொய்தான் செரிக்காமல் கிடக்கிறது; கேட்டது கேட்டதாக இருக்கட்டும், சொன்னது முனுசாமி என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.