மாடிக்குப் போன சூடு

விறகு இத்தோவினுடையது. கணப்பு இத்தோவினுடையது. சாம்பல் அள்ளிக் கறுத்துப்போன கைகளும் அவளுடையவைதாம். சூட்டில் பாதி மட்டும் மாடியில் இருக்கும் ஓரகத்தி தூதாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

பனி விழும் மலையூரான அஸ்ரூவில் வீடுகளை அப்படித்தான் கட்டுவார்கள். கீழ்வீட்டு இரும்புக் கணப்பின் புகைக்குழாய் கூரையைத் துளைத்து மாடி அறைக்குள் ஏறி, அங்கேயும் ஒரு சுற்று சூடு கொடுத்துவிட்டு வெளியே போகும். மாடிக்காரர்கள் அதில் துணி காயவைப்பார்கள், ரொட்டி மாவைப் பொங்கவைப்பார்கள். இதையெல்லாம் யாரும் குற்றமாக நினைப்பதில்லை. இத்தோவும் வெகுகாலம் நினைக்கவில்லை.

அந்தக் கணப்பு அவளுடைய அப்பா கொடுத்தது. மற்றப் பெண்கள் கம்பளத்தோடு புகுந்த வீடு வருவார்கள். திமஹ்தித் மேட்டுநிலத்துக் குளிரில் வளர்ந்தவளுக்கு அப்பா இரும்பைக் கொடுத்து அனுப்பினார். முதல் குளிர்காலத்தில் கணவன் மிமூன் அதன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டான். பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. பிறகு மகள்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், மெக்னஸுக்குக் கல்யாணமாகிப் போனார்கள். கணப்பு முன்னால் இப்போது இரண்டே பேர். அதிலும் ஒருவன் தங்குவதில்லை.

டாக்சி ஓட்டிவிட்டு மிமூன் இருட்டியதும் வீடு வருவான்.

"ஷூவை வெளிய கழட்டுங்க, பனியெல்லாம் உள்ள வருது."

"ம்."

"விறகு முழுக்க ஈரம். அந்த விறகுக்காரனை என்னன்னு கேட்டீங்களா இல்லையா?"

"கேக்கறேன்."

ஹரீரா சூப்பைக் குடித்து முடித்து வாயைத் துடைப்பான். "ரஹ்ஹோவைப் பாத்துட்டு வந்துடறேன்." தம்பியைப் பார்க்க மாடிப்படி ஏறிவிடுவான். கொஞ்ச நேரத்தில், கூரையில் குழாயைச் சுற்றியிருக்கும் இடுக்கு வழியாக அவன் சிரிப்பு இறங்கிவரும். குளிரில் அவனுடைய பழைய டாக்சி கிளம்புவதுபோல இரண்டு முறை இருமி, அப்புறம் பிடித்துக்கொள்ளும் சிரிப்பு.

தம்பி ரஹ்ஹோவுக்குச் சிரிக்கவைக்கத் தெரியாது. அவன் ஒரு உம்மணாமூஞ்சி. எல்லாம் தூதா. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் நடித்துக்காட்டுவாள். கூடவே தம்பி இருக்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள், தப்பாக ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. தப்பு என்று ஏதாவது இருந்தால் சண்டையாவது போடலாம். இத்தோ கட்டையை உள்ளே தள்ளுவாள். தன் விறகை எரித்துத் தன் புருஷனை இன்னொருத்தி அறையில் கதகதப்பாகச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கும்போது வயிறு பற்றி எரிந்தது.

தகரவேலை செய்யும் பாஸ்ஸுவைக் கூப்பிட்டாள்.

"குழாயை மடக்கி ஜன்னல் வழியா வெளிய விடு."

"நேரா மேல போற குழாய்தான்க்கா நல்லா இழுக்கும். மடக்கினா, காத்து திரும்பும்போது புகை உங்க மூஞ்சிக்குத்தான் வரும்."

"என் மூஞ்சி, என் கணப்பு. உனக்கென்ன? தூதாவோட துணியில கரி படியுது, பாவம். அவளுக்காகத்தான் சொல்றேன்."

பாஸ்ஸு குழாயை மடக்கி, கூரை ஓட்டையைத் தகரத்தால் மூடினான். அன்று மாலையே மாடி அறை விறைத்துப்போனது. மிமூன் ஏறிப் போகவில்லை. இத்தோ நல்ல ஓக் கட்டையாகப் பார்த்துப் போட்டாள், குளிருக்கென்று கசப்பு இலை போட்டுத் தேநீர் வைத்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது.

போர்வையும் பிள்ளைகளுமாகத் தூதா நின்றாள், பின்னால் ரஹ்ஹோ. "அக்கா, மேல பல்லு தந்தியடிக்குது. இனிமே உங்க காலடிதான் எங்களுக்கு."

வந்தவள் கணப்புக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டாள். ஆட்டுச் சந்தைத் தரகனாக மாறிக் கழுத்தை நீட்டினாள். "இது ஆடுன்னா நெனச்சீங்க மச்சான்? ராஜா! ராஜா எங்கயாவது நடந்து பாத்திருக்கீங்களா? அதான் நடக்க மாட்டேங்குது. தூக்கிட்டுப் போங்க!"

மிமூன் இருமினான், இருமினான், சிரிப்பு பிடித்துக்கொண்டது. இதுவரை இடுக்கு வழியாகக் கேட்டதை இத்தோ இப்போது கண்ணால் பார்த்தாள். இடம் அவளுடையது, தேநீர் அவளுடையது, சிரிப்பு தூதாவினுடையது. தானும் ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

"இன்னைக்கு வாங்கின முள்ளங்கில புழு."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த நேரத்தில்தான் காற்று திரும்பியது. கணப்பு ஒரு முறை முனகிவிட்டு அறை முழுக்கப் புகையைக் கக்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். அங்கே பனியில் நின்றபடி தூதா கணப்பு முனகியதையும் நடித்துக்காட்டினாள். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் பாஸ்ஸு வந்து குழாயைப் பழையபடி நிமிர்த்தினான். "மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகணும்னு சும்மாவா சொன்னாங்க" என்று குழாய்க்குள் முணுமுணுத்தான். குழாய் வழியாக அது இத்தோவுக்கு நன்றாகவே கேட்டது.

மிமூன் மறுபடி மாடிக்குப் போனான், சிரிப்பு மறுபடி இறங்கியது. இத்தோவின் கை தானாகக் கணப்பின் அடியிலிருக்கும் காற்றுக்கதவுக்குப் போய் அதைச் சாத்தியது. தீ சுருங்கிக் கங்காயிற்று. சற்று நேரத்தில் படியில் காலடிச் சத்தம்.

"மேல குழாய் ஆறிப்போச்சே, என்னாச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் பாக்கணும்."

அவன் குந்தி உட்கார்ந்து காற்றுக்கதவைத் திறந்தான், ஊதினான், தீ பிடிக்கும்வரை இருந்தான். இருந்ததால் தேநீர் கேட்டான். தேநீர் கொடுத்ததால், டாக்சிக்குள் கோழியைத் தொலைத்த ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னான். அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் கணப்புக்குத் தினமும் ஒரு நோய் வந்தது. மிமூனும் சலிக்காமல் இறங்கிவந்து வைத்தியம் பார்த்தான்.

ஒருநாள் மாடியில் தூதாவின் சின்னப் பெண் இருமுவது கேட்டது. நெஞ்சுக்குள்ளிருந்து வரும் இருமல். காற்றுக்கதவுக்குப் போன கையை இத்தோ இழுத்துக்கொண்டாள். அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? பெரிய கட்டையாக எடுத்து உள்ளே போட்டாள். இன்றைக்கு அவன் வரமாட்டான். தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

படியில் காலடி கேட்டது. மிமூன் உள்ளே வந்து, கொழுந்துவிட்டு எரியும் தீயைப் பார்த்தான். குனிந்து காற்றுக்கதவையும் பார்த்தான்.

"இன்னைக்கு மூடலையா?"

இத்தோவுக்கு முகம் வெளிறிவிட்டது. "எதை?"

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய நாளைப்போலக் கணப்பை நோக்கிக் காலை நீட்டினான்.

"அந்த ராஜா ஆட்டை எத்தனை தடவைதான் கேக்கறது? குழாயைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆறவே மாட்டேங்குது."