மலையை மேலே வைத்தவள்

செய்தி வந்தபோது விடிகாலை ஐந்தரை. தேனி ஆஸ்பத்திரியிலிருந்து மைத்துனன் விஜய்ராஜ் பேசினான். மாற்றுத்துணி எடுக்கக் கம்பத்து வீட்டுக்கு வந்திருந்த நான் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அத்தான், அக்கா போயிட்டா" என்றான். மேஜைமேல் என் மனைவி ஜாய்ஸின் மடிக்கணினி திறந்தபடியே கிடந்தது. திரையில் அவளுடைய பள்ளத்தாக்கு விழித்துக்கொண்டிருந்தது.

விழிக்கிறது என்றுதான் அவள் சொல்வாள். கூடலூர் முதல் தேனி வரை போகும் மின்பாதைகளை ஒரு மின் அலுவலகத்துக்காகப் படமாக்குவது அவள் வேலை. துணைமின்நிலைய மீட்டர்களிலிருந்து எண்கள் வர வர, கோடுகள் தாமாகவே தடிக்கும், மெலியும். தோட்டங்களில் மோட்டார் போடும் காலையில் புடைத்து ஆரஞ்சாகும். மழை இறங்கினால் நூலாக இளைத்து நீலமாகும். புகைப்படம்போலப் புள்ளிகள் சேர்ந்ததல்ல, வெக்டர் படம். ஒவ்வொரு கோடும் ஒரு கணக்கு. எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. சில மாலைகளில் ஒரே கோட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போவாள். கடைசியில் திரை முழுக்க ஆரஞ்சு மட்டும் நிற்கும். "உள்ள வந்துட்டோம்" என்பாள், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

லைன்மேன்கள் அந்தப் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அதை நம்பி ஏறுகிறவர் பத்திரமாக இறங்க வேண்டும். அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

போன ஆடிக் காற்றில் கூடலூர்ப் பாதை அறுந்தது. திரையின் அடியில் ஒரு கோடு சிவந்தது. கைபேசியில் ஊர்ப்பெயர்கள் பொடியாகத்தான் தெரியும். லைன்மேன் சங்கிலி கோட்டை மட்டும் பார்த்துச் சின்னமனூர்ப் பக்கம் வண்டியை விட்டார். ஏணியில் கால் வைத்தவர், பக்கத்து வாழைத்தோட்டத்தில் மோட்டார் ஓடுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். கம்பியில் கரண்ட் இருந்தது.

மறுநாள் வீட்டுக்கே வந்தார்.

"என்ன மேடம், மலையத் தூக்கிக் கீழ வச்சுட்டீக? பெறகு தண்ணி எப்படி எங்க ஊருக்கு வரும்?"

"வடக்குதானண்ணே மேல இருக்கணும். உலகம் பூராம் அப்படித்தான்."

"உலகமா வந்து போஸ்ட்டுல ஏறுது? நாங்கள்ல ஏறுறோம்."

ஜாய்ஸ் சிரிக்கவில்லை. "ஏணில கால் வச்சீகளாண்ணே?"

"ஒரு காலு."

இங்கே தண்ணீரும் கரண்டும் தெற்கே குமுளி மலையிலிருந்து இறங்குகின்றன. எங்கள் எல்லார் மனதிலும் மலைதான் உச்சி, தேனி அடி. இங்கேயே பிறந்த அவளுக்கும் அப்படித்தான். வரையும்போது மட்டும் மறந்துபோனாள். அதனால்தான் அடியில் சிவந்ததைச் சங்கிலி தேனிப் பக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றே படத்தைத் திருப்பினாள். கோடுகளைத் திருப்ப ஒரு நொடி போதும். ஊர்ப்பெயர்களும் கூடவே தலைகீழாகிவிட்டன. நிமிர்த்தினால் கோடுகள்மேல் விழுந்தன. இடம் பார்த்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். நோயில் படுத்த பிறகும் விடவில்லை. ஒருநாள் கண்ணை மூடியபடியே, "இன்னிக்கு வீரபாண்டி நிமிந்து உக்காந்துருச்சு" என்றாள், பச்சைப்பிள்ளையைச் சொல்வதுபோல.

அடக்கத்துக்கு வந்த சங்கிலி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப மலை இருக்க வேண்டிய எடத்துல இருக்கு சார். மேடம் எங்களப் பத்திரமா எறக்கி விட்டுட்டாக."

அவர்கள் இன்றும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஏறுகிறார்கள். நானும் காலையில் திறந்து பார்க்கிறேன். கோடுகள் மெல்லத் தடித்து, அறைச்சுவரில் ஆரஞ்சு வெளிச்சம் படரும். அவள் இன்னும் அந்த ஒரு கோட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம் எல்லாம் நேராக நிற்கின்றன. அனுமந்தன்பட்டி மட்டும் இன்னும் தலைகீழாக இருக்கிறது.