ஒதுங்கு அக்காவின் காற்றுக் குழாய்

அக்கா எதற்கும் நேரே நிற்க மாட்டாள். குக்கரைத் திறக்கும்போது பக்கவாட்டில் நின்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் மூடியில் கை வைப்பாள். யாராவது கதவைத் தட்டினால் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு ஓரமாகப் போய்விடுவாள். வந்தவர்கள் ஆளைக் காணாமல் முழிப்பார்கள். என் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அரை அக்காதான் இருக்கிறாள்.

டயர் வேலையில் வந்த பழக்கம் இது. கார் ஒர்க்‌ஷாப்பில் அக்கா டயர் மாட்டுகிறாள். நானும் அங்கேதான் ரிம்மைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துரு எடுக்கிறேன். டயரின் ஓரத்துக்குள் கம்பி ஓடுகிறது. காற்று ஏற ஏற அந்த ஓரம் இரண்டு பக்கமும் 'டப்', 'டப்' என்று ரிம்மில் போய் உட்கார வேண்டும். உட்காராமல் அடம்பிடித்தால் காற்றை இறக்கிவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். அதை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் அடித்துப் பார்ப்போம் என்று போனால் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். குனிந்து நிற்பவருக்கு முகம் மிஞ்சாது.

அதனால் அக்கா காற்றழுத்தம் காட்டும் மீட்டரின் கண்ணாடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். முள் அதைத் தாண்டக் கூடாது. நீளக் குழாயின் முனையில் இருக்கும் கவ்வியை வால்வில் மாட்டிவிட்டு, எட்டிப் போய் நின்று, "ஒதுங்கு!" என்று ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் சுவரில் இருக்கும் திருகைத் திருப்பிக் காற்றைத் திறப்பாள். கார்க்காரர், முதலாளி என்றெல்லாம் பார்ப்பதில்லை. அவளுக்கு ஒதுங்கு அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

அக்கா முன்பு வேலை பார்த்த இடத்தில், கூட வேலை செய்தவருக்கு அப்படித்தான் தாடை போயிற்று. அவர் கவனமாக இல்லை என்று சொல்லி அங்கே கதையை முடித்துவிட்டார்கள். அவர் உறிஞ்சு குழல் வைத்துச் சாப்பாட்டைக் குடிப்பதை அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து கவனம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு ஆகாது.

போன மாதம் ஒரு காலையில் நாங்கள் வேலைக்குப் போனபோது அந்தக் குழாய் கை நீளம்தான் இருந்தது. கவ்வியையும் காணோம். கையால் அழுத்திப் பிடிக்கிற காற்றுத் துப்பாக்கி ஒன்று அதில் தொங்கியது. வெட்டிய மீதிக் குழாய் கார் கழுவும் இடத்தில் கிடந்தது.

"யாரு வெட்டினது?" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றார் மேனேஜர். அவர் முதலாளியின் மச்சான். "தரையெல்லாம் பாம்பு மாதிரி கிடக்குது. வர்றவங்க தடுக்கி விழறாங்க."

"அதுக்கு என் கையை வெட்டியிருக்கலாமே."

"காத்து அடிக்கிறதுக்கு இவ்வளவு பேச்சா? கவனமா அடிச்சா ஒண்ணும் ஆகாதுக்கா."

போச்சு. நான் பிரஷைக் கீழே வைத்தேன்.

"கவனமா? கவனமா இருந்த ஆளுக்குத்தான்யா தாடை போச்சு! வேணும்னா நீயே மூஞ்சியைக் கொண்டுபோய் வெச்சு அடி. நான் தொட மாட்டேன்."

சொல்லிவிட்டு டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெளியே கார்கள் சேர்ந்தன. "என்னங்க, டயருக்கு இன்னிக்கு லீவா?" என்று ஒரு டாக்ஸிக்காரர் எட்டிப் பார்த்தார்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "முடியாதுன்னா சொல்லிடு. வேற ஆள் பாத்துக்கறேன்."

எங்கள் வீட்டு அடுப்பு அக்காவின் சம்பளத்தில்தான் எரிகிறது. அவளோ அசையவில்லை.

"விடுங்க மாமா, பெரிய வித்தையா இது" என்று மேனேஜர் சட்டைக் கையை மடித்தார். டாக்ஸியின் டயரைச் சோப்புத் தண்ணீரே தடவாமல் இரும்புக் கம்பியால் நெம்பி ரிம்முக்குள் திணித்தார். துப்பாக்கியை வால்வில் வைத்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய் அழுத்தினார். ஒரு பக்கம் 'டப்' என்றது. மறுபக்கம் அசையவில்லை. முதலாளியும் டாக்ஸிக்காரரும் எதிரிலேயே குனிந்து வேடிக்கை பார்த்தார்கள்.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"இறக்கு! காத்தை இறக்கு!"

"உக்காந்துடும், உக்காந்துடும்..."

முள் கோட்டைத் தாண்டியது. அக்கா குதித்து இறங்கினாள். சுவரில் இருந்த திருகை அடைத்தாள். "ஒதுங்கு!" என்று அலறிக்கொண்டே மேனேஜரைக் காலரோடு பிடித்து இழுத்தாள். துப்பாக்கி விலகியது. காற்றைத் தடுக்கும் உள்ளூசியை இன்னும் போடாத வால்வு என்பதால் காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. மேனேஜர் சோப்பு வாளியின் மேல் விழுந்து கிடந்தார்.

"என் சட்டையிலயே கை வெக்கறியா?"

"சட்டைதானே கிழிஞ்சுது? வேற ஒண்ணும் கிழியலைல்ல?"

டயர் முழுக்கத் தளர்ந்த பிறகு அக்கா அதைக் கழற்றி முதலாளியின் முன்னால் போட்டாள். உட்காராத பக்கத்தில் ரப்பர் கடித்தெடுத்ததுபோல் பிய்ந்திருந்தது. அறுந்த கம்பி இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. முதலாளி தொட்டுப் பார்த்தார். விரலில் ரத்தம் வந்தது.

"சரி, சரி. வெட்டின குழாய்த் துண்டை எடுத்து ஒட்டுப் போட்டுக் கொடுங்க."

"ஒட்டுப் போட்டது வேணாம். முழுக் குழாய் வரணும், கவ்வியோட. அதுவரைக்கும் நான் காத்தைத் திறக்க மாட்டேன்."

"ரொம்பத்தான் ராங்கி உனக்கு."

"ராங்கி பண்றதுக்கும் ஒரு முகம் வேணுமே முதலாளி."

சாயங்காலம் கவ்வி, மீட்டர் எல்லாவற்றோடும் புதுக் குழாய் வந்தது. டாக்ஸிக்காரருக்கு வேறு டயர் போட்டுக் கொடுத்தார்கள். பிய்ந்த டயரே மட்டமான சரக்கு என்று மேனேஜர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்.

இப்போது அந்தக் குழாய் ஆணியில் சுருட்டித் தொங்குகிறது. புது மீட்டரிலும் சிவப்புக் கோடு இருக்கிறது. மச்சான்தான் இன்னும் மேனேஜர். அவர் அக்காவிடம் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புகிறார். நன்றி என்றோ தப்பு என்றோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள்.