மேல் வீட்டு அட்டைப்பெட்டி

எனக்கு அந்த எம்பிராய்டரி மிஷின் தேவையே இல்லை. மேல் வீட்டுக்காரி வாங்கினாள், அதனால் எனக்கும் வேண்டியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

அப்போது ஷார்ஜாவில், முவைலாவில் குடியிருந்தோம். அவள் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட மூன்று வயது இளையவள். வாய் நிறைய ‘அக்கா’ என்பாள். எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் ஒரே காரில் துபாய்க்கு வேலைக்குப் போய் வருவார்கள். அவர்கள் கிளம்பிய பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். என் விசாவில் ‘இல்லத்தரசி, வேலை செய்ய அனுமதி இல்லை’ என்று அச்சடித்திருந்தது. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தவளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மாதம் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து அதே கடையில், அதே மாடலை, அதே வெளிர் நீலத்தில் வாங்கினேன். மிஷினோடு ஒரு சாஃப்ட்வேர் சிடி வந்தது. கம்ப்யூட்டரில் நாம் வரைந்ததை வயர் வழியாக அனுப்பினால் ஊசி அப்படியே துணியில் போட்டுவிடும். ‘உங்கள் டிசைனை நீங்களே வரையலாம், சாஃப்ட்வேர் இலவசம்’ என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

அவள் மிஷினிலேயே இருந்த ரோஜாப்பூவைத் தலையணை உறைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து சிக்குக் கோலத்தை நூலாக மாற்றினேன். எங்கும் அறுபடாமல் ஒரே இழையாக ஓடி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும் கோலம். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெரு டான்ஸ் டீச்சர், ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகளின் ரவிக்கை முதுகில் அதையே போட்டுத் தரச் சொன்னார். கல்யாணமாகி வந்த பிறகு என்னிடம், என் கைவேலைக்காக, ஒருவர் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. மேல் வீட்டுக்காரியிடம் இதைச் சொல்வதற்கென்றே படியேறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் புது சிடி வந்தது. புதிய வெர்ஷன், இலவசம். அவளுக்கு முன்னால் போட்டுவிட வேண்டுமே! உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். திரை என்னவோ பளபளவென்றுதான் வந்தது. கோலத்தை அனுப்பினால், சொந்த டிசைனுக்குத் தனியாகப் பணம் கட்டி அனுமதி வாங்கு என்றது. பழைய சிடியைத் திரும்பப் போட்டால் மிஷின் அதை ஏற்கவே இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். “மேடம், அது கம்பெனி பாலிசி. பழசு கலாஸ், முடிஞ்சது” என்றான் அந்தப் பையன்.

“என்னய்யா கலாஸ்? காசு வாங்கிட்டுக் கொடுத்ததை வீடு தேடி வந்து புடுங்குவீங்களா?”

போனை வைத்துவிட்டான். டீச்சரிடம் உண்மையைச் சொல்ல மானம் விடவில்லை. மிஷின் ரிப்பேர் என்றேன். அவர் நேராக மேலே ஏறிவிட்டார். புது சிடியை அவள் உறைகூடப் பிரிக்கவில்லையாம். சோம்பேறியின் மிஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது!

மறுநாள் காலையில் கீழே வந்தாள். “அக்கா, உங்க மிஷினு ரிப்பேர்னு டீச்சர் சொன்னாங்க. அந்தக் கோலத்தை ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தாங்க. நான் ஓட்டிக் குடுத்திருதேன்.”

என் கோலம், அவள் மிஷின், அவள் பேர். சிரித்துக்கொண்டே பொய் சொன்னேன். “அது புது வெர்ஷன்ல வரைஞ்சதும்மா. புது சிடி போட்டாத்தான் உன் மிஷின்ல ஓடும். நானே வந்து போட்டுத் தரேன்.”

“நீங்க சொன்னாச் சரிதான்க்கா” என்று என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு டீ போடப் போனாள். திரை கேட்ட கேள்விக்கெல்லாம் சரி, சரி என்று அழுத்தினேன். டீ வருவதற்குள் அவளுடைய மிஷினும் பணம் கேட்டு அடைத்துக்கொண்டது. அய்யய்யோ என்று நெஞ்சில் கை வைத்தேன். அந்த டீயைக் குடித்தேன். இரண்டு பிஸ்கெட்டும் தின்றேன்.

நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இப்போது யாருடைய மிஷினிலும் அந்தக் கோலம் விழாது. டைப்பிங் சென்டரில் அரபியில் ஒரு புகார் அடித்துக்கொண்டு நுகர்வோர் புகார்ப் பிரிவுக்குப் போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பக்கத்திலிருந்த மலையாளி கிளார்க் அவர் சொன்னதை எனக்குச் சொன்னார்: “பில் எங்கே? இலவசம் என்று எழுதியிருந்த பெட்டி எங்கே?”

பில் அடுப்படி டிராயரில் கிடந்து அடுப்புச் சூட்டில் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. பெட்டியோ, லீவில் போன கொழுந்தனார் கையில் பால்பவுடரும் பேரீச்சையும் சுமந்து திருச்சிக்கே போய்விட்டது. வளைகுடாவில் இருப்பவர்கள் பெட்டியை எறிய மாட்டார்கள். என்றைக்கு ஊருக்குக் கிளம்பச் சொல்வார்களோ, அன்றைக்குப் பொருளை வைத்துக் கட்ட வேண்டுமே. மேல் வீட்டில் அலமாரி மேல் உத்தரம் வரைக்கும் பெட்டிகள். இஸ்திரிப் பெட்டி வந்த அட்டைகூட இருக்கும். “இங்கே மனுஷங்க இருக்க எடம் இருக்காடீ?” என்று நான் கேலி செய்யாத நாளில்லை.

இப்போது அந்த அலமாரியின் கீழே போய் நின்றேன். அவள் ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியை இறக்கி, துண்டால் தூசி தட்டினாள். உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள் பில்லின் ஜெராக்ஸ். “இந்தப் பில்லெல்லாம் வெளுத்துரும்லாக்கா? அதான் வாங்குன அன்னைக்கே எடுத்து வச்சேன்.” அந்த ஜெராக்ஸைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. கணக்குப் படித்தவள் நான்தானே!

புகாரை அவள் பேருக்கு மாற்றி எழுதினோம். ஆனால் அலைந்ததும் வாதாடியதும் நான். அதிகாரி பெட்டியைக் கம்பெனி ஆளின் முன்னால் வைத்து, ‘இதை அச்சடித்துத்தானே விற்றீர்கள்? விற்ற பிறகு எப்படி எடுப்பீர்கள்?’ என்று கேட்டார். மறு வாரமே ஆள் வந்து பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டான், பெட்டியில் ஒட்டியிருந்த நம்பருள்ள மிஷினுக்கு மட்டும். என் வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணும் மாஃபி, மேடம்” என்று போய்விட்டான்.

“கோலம் உங்களதுக்கா. நீங்களே வந்து ஓட்டுங்க” என்றாள்.

தினமும் படியேறினேன். என் கோலத்தை அவள் மிஷின் ஒரு பிசகில்லாமல் போட்டது. ஒரு நூலாவது அறாதா என்று என் மனசு கேட்டது. அறவில்லை. நடுவில் ஒரு நாள் டீச்சர் வந்து, “ரொம்ப நல்ல மிஷின்” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாவது ரவிக்கையில் இழை சுற்றி வந்து சேர்ந்தபோது எனக்குத் தாங்கவில்லை. “அன்னைக்கு அந்த சிடியைத் தெரிஞ்சேதான் போட்டேன்” என்றேன்.

அவள் பின்பக்கப் பிசிறுகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “தெரியும்க்கா. உங்க மிஷினு அதுலதான் நின்னுச்சுன்னு உங்க வீட்டுக்காரரு கார்ல சொல்லிருக்காவ. அன்னைக்கு ராத்திரியே இவுக எங்கிட்டச் சொல்லிட்டாவ.”

“தெரிஞ்சுமா பெட்டியை எடுத்துக் கொடுத்தே?”

“பின்ன? சும்மா தாரேன்னு சொல்லிட்டுப் புடுங்குனது கம்பெனிக்காரன்லா! உங்களை ரெண்டு நாள் நல்லாத் திட்டுனேன், அது வேற. ஆனா உங்க மிஷினு ஓடி எம்மிஷினு நின்னிருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் செய்ததை ஒரு வரியில் வெளியே சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. தானும் செய்திருப்பேன் என்பதை அவள் நூலை நறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள். மிஷினைப் பார்த்தோ பெட்டியைப் பார்த்தோ எனக்கு அப்படிப் பொறாமை வந்ததில்லை.