சட்டைக்குப் பல்லா இருக்கு?

என் தம்பி மனைவியோடு பேருந்தில் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முன் இருக்கையில் இருப்பவர் யாரென்றே தெரியாது. அவர் காலரில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இவள் கை தானாகப் போய்ப் பிடுங்கிவிடும். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்க, நான் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு இவள் யாரோ நான் யாரோ என்று உட்கார்ந்திருந்தேன்.

குழந்தைகள் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் அவள் பதினோரு வருடமாகச் செக்கர். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, விட்டுப்போன தையல், தொங்குகிற நூல், கோணல் பட்டன் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும். தேறினால் பாஸ், தேறாவிட்டால் ரிஜெக்ட். கம்பெனியில் அவளுக்குச் செக்கரம்மா என்று பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவள் பெற்ற பிள்ளையின் உடம்பில் துணியே தங்கவில்லை. பெண் குழந்தை, ஐந்து வயது. பிறந்தபோது இத்துனூண்டு இருந்ததால் கடுகு என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன். கழுத்தில் லேபிள் உரசினால் அழுகை. இடுப்பில் எலாஸ்டிக் பட்டால் அழுகை. காலுறை நுனியில் இருக்கும் தையல் விரலில் பட்டுவிட்டால் தரையில் புரண்டு அழுகை. "கடிக்குது, கடிக்குது" என்று இழுத்து எறிவாள். லாரி ஓட்டும் அவள் அப்பாவின் பழைய பனியன் ஒன்றுதான் அவளுக்கு உடுப்பு. வெளுத்து, சல்லடையாகி, முழங்காலுக்குக் கீழே தொங்கும். அது மேலே இருந்தால் அவள் மகாராணி.

அவர்கள் கீழே, நான் மாடியில். தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தவர்களுக்குத் துணி பிடித்துக் கொடுப்பது, நீளம் குறைப்பது என்று என் பிழைப்பு ஓடுகிறது. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

"சட்டைக்குப் பல்லா இருக்கு கடிக்கறதுக்கு? நீ செல்லம் குடுத்தே கெடுத்துட்டே" என்று செக்கரம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது குழந்தையை மடியில் அழுத்திப் பிடித்து, ஜிகினா வைத்த கவுனை நானே மாட்டிவிட்டேன். அலறி அலறி வாந்தி எடுத்துவிட்டாள். கழற்றிப் பார்த்தால் கழுத்திலும் அக்குளிலும் அவளே பிறாண்டிய சிவப்புக் கோடுகள். அதற்குப் பிறகும் என் வாய் அடங்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் திறந்ததும்தான் விஷயம் முற்றியது. மொடமொடவென்று ஒரு வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. முதல் மூன்று நாளும் பத்து மணி அடிப்பதற்குள் பள்ளியிலிருந்து போன் வந்துவிட்டது. கடுகு சட்டையைக் கழற்றி, அழகாக மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். மடிப்பில் மட்டும் அம்மா பிள்ளை.

மூன்றாம் நாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டு வாரம் வீட்ல வச்சுப் பழக்குங்கம்மா. அதுக்கப்புறமும் சட்டையோட உட்கார முடியலைன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

செக்கரம்மா கெஞ்சிக் கூத்தாடிக் கம்பெனியில் இரண்டு வாரம் லீவு வாங்கினாள். ஆனால் எங்களை உருக்கியது அது இல்லை. கடுகுக்குப் பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது. சாயங்காலமானால் பனியன்மேல் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே வந்து நிற்பாள். "நாளைக்கு ஸ்கூல் உண்டா?" என்று கேட்பாள். இல்லை என்றால் அழமாட்டாள். பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அதற்கு அவள் அழுதே இருக்கலாம்.

குழந்தைகள் டாக்டர், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு டீச்சரிடம் அனுப்பினார். அந்தப் பெண் கடுகோடு அரைமணி நேரம் விளையாடிவிட்டு எங்களிடம் வந்தாள். "இது பிடிவாதம் இல்லை. நமக்கு உறைக்காததுகூட இவளுக்கு ரொம்ப உறைக்குது. கடிக்குதுன்னு சொன்னா நிஜமாவே கடிக்குதுன்னு நம்புங்க. வற்புறுத்தாதீங்க. எது ஒத்துக்குதுன்னு அவளே காட்டுவா, கவனிச்சுப் பாருங்க" என்றாள். நான் அங்கே இருந்த பொம்மைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

செக்கரம்மா வேலையில் இறங்கினாள். முதலில் கத்தரிக்கோலால் லேபிளை வெட்டினாள். மிச்சம் நின்ற முனை முன்னைவிட மோசமாகக் குத்தியது. பிறகு ஒவ்வொரு தையலாகப் பிரித்து வேரோடு எடுத்தாள். மொடமொடப்புப் போகத் தினம் இரண்டு முறை சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். பாவாடை எலாஸ்டிக்கை நான் உருவிவிட்டு, பழைய பனியன் துணியில் பட்டை வைத்துக் கொடுத்தேன். உடுத்துவதற்கு முன்னால் அந்த டீச்சர் சொன்னபடி, கடுகைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி போர்வையில் இறுக்கிச் சுருட்டி, "பார்சல் ரெடி!" என்று கத்துவோம். அவளுக்கு அதில் ஏக குஷி. "இன்னும் டைட்டா கட்டுங்க" என்பாள்.

எட்டாம் நாள் பாவாடை பாஸ். சட்டை மட்டும் பத்து நிமிடத்துக்குமேல் நிற்கவில்லை. தோள்பட்டையைப் பிடித்து இழுத்து, "இங்க கடிக்குது" என்பாள். செக்கரம்மா அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். "தையல்ல ஒரு குறையும் இல்லையே அண்ணி" என்பாள் என்னிடம்.

கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. நான் கீழே இறங்கி வந்தபோது கடுகு கூடத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மேலே பள்ளிச் சட்டை. யாரும் போட்டுவிடவில்லை, அவளாகவே எடுத்துப் போட்டிருக்கிறாள், அதுவும் உள்பக்கம் வெளியே தெரிய. நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து செக்கரம்மா வந்தாள், பார்த்தாள். அவள் கை சும்மா இருக்குமா? ஒரே இழுப்பில் கழற்றி, உதறி, சரியான பக்கம் திருப்பி மாட்டிவிட்டாள். கடுகு வீல் என்று கத்தினாள்.

அழுதுகொண்டே கழற்றி, மறுபடி உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டாள். செக்கரம்மாவின் கை மறுபடி நீண்டது. பதினோரு வருடப் பழக்கம், அவள் யோசித்துச் செய்யவில்லை.

"கையை எடுடி!" என்று போட்டேன் ஒரு சத்தம்.

கடுகு சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "கடிக்கறது வெளில இருக்கட்டும்மா" என்றாள். "உள்ள வேணாம்."

செக்கரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போன வாரமே ரெண்டு தடவை இப்படித்தான் போட்டிருந்தா அண்ணி. ரெண்டு தடவையும் நான்தான் திருப்பி விட்டேன்" என்றாள். "உன் மேல தப்பில்லை, உன் கை அப்படி. நீ அழறதை விட்டுட்டு, சட்டையைக் கழட்டி எங்கிட்ட குடுக்கச் சொல்லு அவளை" என்றேன்.

பகல் முழுக்க மெஷின் ஓடியது. பாக்கெட்டைப் பிரித்து, இப்போது வெளியே வரும் பக்கத்தில் வைத்தோம். பட்டன்களை எடுத்து மாற்றித் தைத்தோம். தோள், கை, பக்கவாட்டுத் தையல் எல்லாம் வெளியே, வழவழப்பான பக்கம் உள்ளே. செக்கரம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கம்பெனியில் இப்படி ஒரு சட்டை வந்திருந்தால் தைத்தவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்னம்மா, சட்டையைத் திருப்பிப் போட்டு விட்டிருக்கீங்க?"

"தெரியும் டீச்சர். நான் செக்கர்" என்றாள். "கம்பெனியில இது ரிஜெக்ட். என் பொண்ணுக்கு இதுதான் பாஸ்."

அவர் குனிந்து கடுகைக் கேட்டார். "உனக்குச் சரியா இருக்கா?"

"கடிக்கல" என்றாள் கடுகு.

"அப்ப வகுப்புக்குப் போ" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாளைப் பற்றி இரண்டு வாரமாக நான் திட்டிய திட்டையெல்லாம் அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பள்ளிக்கு எதிரே கடையோரச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தோம். செக்கரம்மா போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பத்து மணி ஆயிற்று. போன் வரவில்லை. பத்தரை. "ஒரு டீயாவது குடிக்கலாம் வா" என்றேன், அசையவில்லை. பதினொன்று. பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் வந்து கொட்டினார்கள். நடுவே கடுகு. கன்னத்தில் பச்சைப் பெயிண்ட். சட்டை உடம்பில் இருந்தது, எல்லாப் பட்டனும் போட்டபடி.

"அத்தே, நான் கழட்டவே இல்ல!" என்று ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், மறைப்பானேன். செக்கரம்மா சிரித்தாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே மகளின் முன்னால் மண்டியிட்டாள்.

கடுகின் தோள் தையலிலிருந்து ஒரு நூல் விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவசரத்தில் வெட்டாமல் விட்டது. செக்கரம்மாவின் கை எழுந்து அதன் கிட்டே போனது. கடுகின் தோள் லேசாக உள்ளே சுருங்கியது. கை பாதியில் நின்றது, பிறகு மடியில் இறங்கியது.

"என்னம்மா?" என்றாள் கடுகு.

"ஒண்ணுமில்லடா கண்ணு. எல்லாம் சரியா இருக்கு. நாளைக்கும் ஸ்கூல் உண்டு."

மூவரும் பேருந்து ஏறினோம். வீடு வரும்வரை அந்த நூல் செக்கரம்மாவின் கண்ணெதிரே ஆடிக்கொண்டே வந்தது. அவள் அதைத் தொடவில்லை.